சொல்லாமல் விட்டுப்போன குட் மார்னிங்

ரொட்டி வண்டியிலிருந்து இறங்கிய நர்ஸுக்கு செப்டிமஸ் குட் மார்னிங் சொன்ன விதத்தைக் கேட்டதுமே, இன்றைக்கும் காரியம் ஆகப்போவதில்லை என்று இயாந்திக்குத் தெரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். தலையைக் கொஞ்சம் தாழ்த்தினான். "குட் மார்னிங், நர்ஸ் கிட்டன்ஸ். அம்மாவோட முட்டிவலி இப்ப தேவலையா?" என்று கேட்டான். பாவம் அந்த நர்ஸ். மலைப்பாதை முழுவதும் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் காலை மடக்கிக்கொண்டு வந்தவள், கையெல்லாம் மாவு. அன்று காலையில் அவளை ஒருவர் மனுஷியாக மதித்துப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும். முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று.

"பரவாயில்லையே செப்டிமஸ், ஞாபகம் வச்சிருக்கீங்களே!"

"மறப்பேனா நர்ஸ்? அப்பாவுக்கும் நான் குட் மார்னிங் சொன்னேன்னு சொல்லிடுங்க. அவர் போய்ச் சேர்ந்துட்டார்னு தெரியும். இருந்தாலும் சொல்லிடுங்க."

நர்ஸ் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தாள். சமையலறை வாசலில் நின்றிருந்த இயாந்தி சிரிக்கவில்லை. இயாந்தி அவனுக்கு அக்கா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு ஆக்கிப்போடுகிற வேலை. அம்மா போனபிறகு அந்த இரண்டு அறை வீட்டில் அவளும் தம்பியும்தான். நர்ஸ் வருகிறாளே என்று அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லியிருந்தாள். தம்பி தூங்கி எத்தனை நாளாயிற்று, இரவெல்லாம் வாசலுக்கும் சாலைக்கும் எப்படி நடக்கிறான், ஈரப்பலா மரத்தடியில் நின்று யாரோடு பேசுகிறான் என்று சொல்லவேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். அவன் ஒரு குட் மார்னிங்கில் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிட்டான்.

மோர்ன் கசாவ் என்கிற அந்த மலையூரில் ஆளை நிறுக்க குட் மார்னிங்கை விட்டால் வேறு தராசு கிடையாது. கடைக்குள் நுழைந்தால், பஸ்ஸில் ஏறினால், வழியில் ஒருவர் எதிர்ப்பட்டால், முதலில் குட் மார்னிங். அதற்கப்புறம்தான் மற்ற பேச்சு. சொல்லாமல் தாண்டிப் போனவன் ஒன்று திமிர் பிடித்தவன், இல்லை புத்தி பேதலித்தவன். மூன்றாவது வகை இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. யாருக்காவது மனசு சரியில்லை என்று ஊர் கண்டுபிடிப்பதே அப்படித்தான்: "ஃபெலிசியன் மவன் என்னைத் தாண்டித்தான் போனான், வாயே திறக்கல, பாவம், அவ்வளவுதான் போல." ஆகவே எல்லாருக்கும் குட் மார்னிங் சொல்கிற ஒருவனுக்குப் பைத்தியம் என்றால் இங்கே யார் நம்புவார்கள்? ஆனால் செப்டிமஸ் விஷயம் தலைகீழ். நன்றாக இருக்கும்போது அவன் சரியான முசுடு. டைல்ஸ் ஒட்டுகிற வேலைக்குப் போகிற வழியில் எதிரே வருகிறவரைப் பார்த்து வாய்க்குள் ஏதோ முனகுவான், அதுதான் அவன் மரியாதை. இயாந்திக்கு அந்த முனகல்தான் உயிர். நோய் ஏற ஏற மரியாதையும் ஏறும். முதலில் முனகல் தெளிவாகும். பிறகு தொப்பி கழலும். பிறகு சொன்னவர்களுக்கே திரும்பச் சொல்வான். பிறகு ஆட்டுக்கு, மரத்துக்கு, செத்துப்போனவர்களுக்கு. அதுவரைக்கும் ஊர் அவனை மெச்சிக்கொண்டேயிருக்கும்.

நர்ஸ் கிட்டன்ஸ் கேட்கவேண்டியதை ஒழுங்காகத்தான் கேட்டாள். உடம்பு எப்படி, தூக்கம் எப்படி, குரல் ஏதும் கேட்கிறதா. அவன் எல்லாவற்றுக்கும், "கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கேன் நர்ஸ், நீங்க எப்படி இருக்கீங்க?" என்றான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி, கேட்டவரைத் திருப்பிக் கேட்கவேண்டும். அம்மா அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம்.

"டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்ட்டு வரலாமா?"

"போலாமே நர்ஸ். ஆனா இந்த வாரம் கொஞ்சம் வேலை. பாக்கவேண்டியவங்க நிறைய பேர் இருக்காங்க."

நர்ஸ் எழுந்து இயாந்தியிடம் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "முன்ன பார்த்ததுக்கு எவ்வளவோ தேவலைக்கா" என்றாள்.

"தேவலையா? நர்ஸம்மா, மாசாமாசம் போடவேண்டிய ஊசி, அதைப் போட்டு மூணாவது மாசம் நடக்குது. போன முறையும் இல்லைன்னீங்க."

"ஊசி கப்பல்ல வரணும். வந்தா முதல் ஊசி இவருக்குத்தான், சத்தியமா."

"ஊசி இல்லேன்னா ஆஸ்பத்திரில சேருங்க."

"அவர் வரேன்னு சொல்லணும்கா. இல்லேன்னா ரெண்டு டாக்டர் வந்து பார்த்து, இவரால இவருக்கோ அடுத்தவருக்கோ ஆபத்துன்னு எழுதணும். நம்ம பக்கம் வர்ற டாக்டர் போன மாசமே வரல." நர்ஸ் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியது முகத்தில் தெரிந்தது. கடைசியில் சொல்லிவிட்டாள். "உங்களுக்குத் தெரியாததா. நீங்க கேட்டு வாங்கின சட்டம்தானே."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. கைப்பையில் போன் அடித்தது. மனசு சரியில்லை என்றால் எந்த நேரத்திலும் கூப்பிடலாம் என்று அரசாங்கம் ரேடியோவில் சொல்லிக்கொண்டேயிருக்கிறதே, அந்த எண் அடிப்பது இந்த ஒருத்தியின் கைப்பைக்குள்தான். வடக்குப் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்தி. கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதும் அவளே. அவளுக்கென்று கொடுத்த வண்டி டயர் வாங்கப் பணம் வராமல் சுகாதார நிலையத்துக் கொல்லையில் செங்கல் மேல் நிற்கிறது. கோழி அடைகிறது அதில். போனில் யாரோ அழுதார்கள். நர்ஸ், "வரேன், வரேன், ரொட்டி வண்டி திரும்பட்டும், வரேன்" என்றாள்.

ஊரில் இயாந்திக்கு இப்போது சட்டம்மா என்று பெயர். பழைய சட்டத்தில், ஒருவனுக்குப் பைத்தியம் என்று அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சத்தியம் செய்தால் போதும், போலீஸ் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். தலைநகரத்துக்கு அந்தப்பக்கம் கடலோரத்தில் வெள்ளைக்காரன் காலத்துக் கோட்டை ஒன்று, அங்கேதான் அடைப்பார்கள். கோட்டைக்குப் போனவன் என்றால் அப்புறம் அவனுக்கு வேலை கிடையாது, பெண் கிடையாது. கடைசி முறை செப்டிமஸைக் கொண்டுபோனது ஓர் ஈஸ்டர் சமயம். பூசை முடிந்து ஜனம் வெளியே வருகிற நேரம் பார்த்து, சர்ச் வாசலில், மீன்படகுக் கயிற்றால் கையையும் காலையும் சேர்த்துக் கட்டி ஜீப்பின் பின்னால் ஏற்றினார்கள். முன்பல் உடைந்தது. அவன் அழவில்லை, "குட் மார்னிங் ஃபாதர், குட் மார்னிங் மிஸஸ் அல்சிட்" என்று தரையில் கிடந்தபடி சொல்லிக்கொண்டேயிருந்தான். ஒருவரும் பதில் சொல்லவில்லை. போலீஸுக்கு ஆள் அனுப்பியது இயாந்திதான். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் புதுச் சட்டத்துக்கு ஊர்க்கருத்துக் கேட்கிறோம் என்று சர்ச் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். இயாந்தி பேசுகிறவளே இல்லை. அன்றைக்கு எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள், கயிறு, பல், எல்லாம். "ஒரு மாட்டை ஏத்தினாக்கூட தண்ணி காட்டிட்டு ஏத்துவீங்க. என் தம்பிய முதல்ல கேளுங்க. அவன்கிட்ட கேட்டுட்டு அப்புறம் செய்யுங்க" என்று அழுதுகொண்டே சொன்னதை ரேடியோவில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். சட்டம் வந்துவிட்டது. இனி போலீஸ் தானாக யாரையும் பிடிக்கக்கூடாது, நோயாளியை முதலில் கேட்கவேண்டும், கயிறு கூடாது, கோட்டையை மூடவேண்டும். எல்லாம் அவள் கேட்ட மாதிரியேதான். அதோடு ஊர் ஊருக்கு நர்ஸ், வீட்டுக்கே மருந்து, இரண்டு மூன்று நாள் தங்கி ஆறுதலாகத் திரும்ப ஒரு வீடு என்றும் சொன்னார்கள். கோட்டையை மட்டும் உடனே பூட்டினார்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்துப் பந்தல் போட்டு மேளமும் சொல்லியாகிவிட்டது, மாப்பிள்ளையைத்தான் காணோம்.

சாலை வளைவில் கடை வைத்திருக்கிற யூடோக்ஸி அந்தச் சட்டம்மா பெயரைத்தான் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். சோப்பு வாங்கப் போனால்கூட விடுவதில்லை. "என்ன சட்டம்மா, இன்னிக்கும் மூஞ்சி தொங்கிக் கிடக்கு? உன் தம்பி தங்கம்டி. காலைலேர்ந்து நாலு வாட்டி வந்து எனக்கு குட் மார்னிங் சொல்லிட்டான். என் புருஷன் ஒரு வாட்டி சொன்னதில்ல."

"நாலு வாட்டி சொன்னானே, அதுதான் யூடோக்ஸி நோய்."

"மரியாதை நோயா? எங்க வீட்டு ஆம்பளைக்கும் கொஞ்சம் ஒட்டிக்கட்டும், அனுப்பி வை."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இயாந்தியும் சிரித்துவைத்தாள். எத்தனை பேரிடம்தான் விளக்குவது? அலுத்துப்போயிருந்தது. மனசு அலுத்து, நாக்கு அலுத்து, இப்போது எலும்பே அலுத்துக் கிடந்தது.

அடுத்த வாரத்தில் ஒரு விடியற்காலை. கொக்கோ டீக்கு அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தவளுக்குப் பின்னால் செப்டிமஸ் வந்து நின்றான். கால் பாதமெல்லாம் வெடித்து ரத்தம். மேல் ஊர்வரை நடந்துவிட்டு வந்திருக்கிறான். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"அக்கா, முடியல அக்கா."

அவள் திரும்பினாள். இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததேயில்லை.

"யாருக்கோ சொல்லாம விட்டுட்டேன். யாருன்னு தெரியல. எல்லாருக்கும் சொல்லிப் பார்த்துட்டேன், அவர் இல்ல, அவர் இல்லன்னு ஆவுது. அந்த ஆளுக்குச் சொல்லலேன்னா உனக்கு ஏதோ ஆயிடுமாம். முதுகுக்குப் பின்னால நின்னு சொல்லிட்டே இருக்காங்க. எனக்குக் கால் வலிக்குது அக்கா. என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போ."

இயாந்தி அடுப்பை அணைத்தாள். அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது, எது எதுவென்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கேட்டுவிட்டானே! அவனே கேட்டுவிட்டானே! சட்டம் கேட்கச் சொன்ன கேள்விக்கு இதைவிடப் பதில் உண்டா? காலைத் துடைத்துக் கட்டுப்போட்டு, சட்டை மாற்றிவிட்டு, மாமூல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். நெற்றியில் 'பொறாமைப்படாதே' என்று பெயின்ட் அடித்த அந்த வண்டி பாட்டு அலறிக்கொண்டு மலை இறங்கியது. ஏறிய ஒவ்வொருவருக்கும் செப்டிமஸ் குட் மார்னிங் சொன்னான். அவர்களும் சொன்னார்கள். பஸ்ஸே கல்யாண வீடு மாதிரி இருந்தது.

டவுன் பெரியாஸ்பத்திரியில், எலும்பு முறிவுப் பிரிவைத் தாண்டி, மூன்று படுக்கை போட்ட ஓர் அறை. கோட்டைக்குப் பதிலாக வந்தது அதுதான். மூன்றிலும் ஆள். நடைபாதையில் ஒரு தள்ளுவண்டிமேல் நாலாவது ஆள், கையில் விலங்கு, பக்கத்தில் ஒரு போலீஸ்காரன் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். டாக்டர் சின்ன வயசுக்காரர். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. அவரும் இந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவர்தான், அங்கேதான் வினை. செப்டிமஸ் காவலாளிக்குச் சொன்னான், துடைக்கிற அம்மாவுக்குச் சொன்னான், படுக்கையில் கிடந்த மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொன்னான், விலங்கு போட்டவனுக்கும் சொன்னான், கடைசியில் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்தான்.

"எப்படி இருக்கீங்க மிஸ்டர் செப்டிமஸ்?"

"நல்லா இருக்கேன் டாக்டர். நீங்க எப்படி இருக்கீங்க?"

இயாந்தி குறுக்கே புகுந்தாள். "டேய், காலைல என்கிட்ட சொன்னியே, அதைச் சொல்லுடா!" அவன் அக்காவைப் பார்த்தான். பெரிய இடத்தில் வீட்டுக் கதையை எடுக்கிறாளே என்று வெட்கப்பட்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை. டாக்டர் என்ன கிழமை என்று கேட்டார், சரியாகச் சொன்னான். யாராவது உங்களைத் துன்புறுத்துகிறார்களா என்று கேட்டார். "எல்லாரும் ரொம்ப நல்லவங்க" என்றான்.

"அவனைக் கேக்காதீங்க டாக்டர். அவன் அப்படித்தான் சொல்வான். என்னைக் கேளுங்க."

"முதல்ல அவரைத்தாம்மா கேக்கணும். சட்டம்." டாக்டர் கண்ணைக் கசக்கினார். "நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா சொந்தக் கால்ல நடந்து வந்திருக்கார், மரியாதையா பேசறார். படுக்கை எங்க? அந்தத் தள்ளுவண்டில கிடக்கிறவர் கோர்ட் உத்தரவோட வந்தவர், அவரை நான் அனுப்ப முடியாது. கோர்ட்லேர்ந்து வந்தா எடுத்தே ஆகணும். இவரை ஒரு ரெண்டு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

"ஊசி?"

"எனக்கும் இல்லம்மா."

ஓர் அட்டை மாத்திரை கொடுத்தார். அதில் இரண்டு ராத்திரி தூங்கினான். அப்புறம் மாத்திரைக்கும் குட் மார்னிங் சொல்லிவிட்டு அதை ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் அவன் வீட்டில் தங்கவேயில்லை. விட்டுப்போன அந்த ஆள் ஊருக்குள் இல்லை, பஸ்ஸில் போய்வருகிறவர்களில் ஒருவராகத்தான் இருக்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. யூடோக்ஸியின் கடைக்கு எதிரே சாலை கொண்டை ஊசியாக மடங்குகிறது. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் ஆழமான கல் ஓடை. அந்த மடிப்பில் நடுச்சாலையில் நின்றுகொண்டு, வருகிற பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி, ஜன்னல் ஜன்னலாகப் போய் ஒவ்வொரு முகத்துக்கும் சொன்னான். முதல் நாள் ஜனங்கள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். இயாந்தி பள்ளிக்கூடத்து அடுப்படியில் பருப்பைக் கிளறிக்கொண்டிருக்கும்போது வளைவிலிருந்து ஹாரன் கேட்டால் கரண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். கையைப் பிடித்து இழுத்துவருவாள். மறுபடியும் போய் நிற்பான். வீட்டுக்குள் வைத்துப் பூட்டிப் பார்த்தாள். கதவுக்கு உள்ளிருந்து, "அக்கா, தயவுசெஞ்சு திறங்க, நேரமாச்சு" என்று கெஞ்சிக்கொண்டேயிருந்தான். பூட்டிய கதவு அவளுக்குக் கோட்டைக் கதவாகத் தெரிந்தது. திறந்துவிட்டாள்.

நர்ஸுக்கு போன் போட்டாள். நர்ஸ் எங்கோ ஒரு பிரசவத்தில் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மழை. 'பொறாமைப்படாதே' வளைவில் அவனைக் கண்டு பிரேக் அடித்ததில் சறுக்கிப் பின்சக்கரம் ஓடைக்குள் இறங்கிவிட்டது. கவிழவில்லை, அது யார் செய்த புண்ணியமோ. ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு மோவாய் கிழிந்து சீருடை முழுக்க ரத்தம். இயாந்தி ஓடிவந்து பார்த்தபோது செப்டிமஸ் மழையில் நனைந்துகொண்டு அந்தப் பெண்ணின் ஜன்னலருகே நின்று, "குட் மார்னிங் மிஸ், குட் மார்னிங் மிஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அலறிக்கொண்டிருந்தாள். டிரைவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தவன் இயாந்தியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"அக்கா, உங்க சோத்தைத் தின்னு வளர்ந்தவன் நான், அதுக்காகச் சொல்றேன். என் வண்டில இருபது உசிரு. அடுத்த வாட்டி நான் பிரேக்ல கால் வைக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

யூடோக்ஸி கடைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் கிண்டல் எதுவும் செய்யவில்லை. ஒரு துண்டைக் கொண்டுவந்து செப்டிமஸின் தலையைத் துவட்டிவிட்டாள்.

போலீஸ் நிலையத்தில் கான்ஸ்டபிள் டெல்மோர் தனியாக இருந்தான். அவனும் அவள் ஆக்கிப்போட்ட சோற்றைத் தின்றவன்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தான். குட் ஆஃப்டர்நூன் சொல்லாமலே அவள் பேச ஆரம்பித்ததை அவன் கவனித்தான்.

"ரோட்ல நிக்கிறது குத்தம்தான், ஆனா அதுக்கு அபராதம்தாங்கா. மனநோயின்னு நான் தொடக்கூடாது, நர்ஸ் கூட வரணும். கயிறு கட்டின காலத்துல இருந்த சார்ஜென்ட் இருக்காரே, அவரே இப்ப, 'எனக்கெதுக்கு வம்பு, ரேடியோல பேர் வரும்'னு ஒதுங்கிக்கிறார்." பேசிக்கொண்டே வாசலைப் பார்த்தான். குரல் இறங்கியது. "ஒரே ஒரு வழி இருக்கு. வீட்ல வெட்டுக்கத்தி இருக்குதில்ல?"

"இல்லாத வீடு ஏது?"

"அதைக் காட்டி உங்களை வெட்டுவேன்னு மிரட்டினான்னு சொல்லுங்க. அப்ப அது மனநோய் இல்ல, குத்தம். நான் உடனே வரலாம். திங்கக்கிழமை மாஜிஸ்ட்ரேட் பார்ப்பார், ஆஸ்பத்திரிக்கு அனுப்புன்னு உத்தரவு போடுவார். உத்தரவு போட்டா அவங்க எங்கயாவது படுக்க வைச்சே ஆகணும்."

"திங்கக்கிழமை வரைக்கும்?"

"இங்கதான், பின்னாடி அறையில. நான் பார்த்துக்கறேன்கா. ஒருத்தனையும் கைவைக்க விடமாட்டேன்."

"அப்புறம் கத்தி காட்டினவன்னு ஊர்ல பேராயிடுமே, டெல்மோர். அவனை வீட்டுக்குள்ள யாரு டைல்ஸ் ஒட்ட விடுவாங்க? அவன் என் மேல ஒரு துரும்பைத் தூக்கிப் போட்டதில்லடா."

"தெரியும்கா."

"அந்த மண்டபத்துல நின்னு நான் என்ன பேசினேன்..."

"தெரியும்கா. நானும் அங்க இருந்தேன். கை தட்டினேன்."

சுவரில் மின்விசிறி சுற்றாமல் இருந்தது. இயாந்தி மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் மோவாய் கண்முன் நின்றது. பஸ்காரன் பிரேக்கில் கால்வைக்காத அடுத்த நாள் கண்முன் நின்றது. அதைத்தான் அவள் கனவில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள், தொப்பி ஒருபக்கம், செருப்பு ஒருபக்கம். நல்லவளாக இருந்து தம்பியைப் புதைக்கவேண்டுமா, பொய் சொல்லி உயிரோடு வைத்துக்கொள்ளவேண்டுமா? யோசிக்கக்கூடத் தெம்பில்லை. இந்தப் புதுச் சட்டம் இல்லாத காலத்தில் போலீஸைக் கூப்பிட்டதற்காவது ஒரு சாக்கு இருந்தது.

"வெட்டுக்கத்தியைக் காட்டினான்" என்றாள். சொன்ன குரல் யாருடையதோ போல் இருந்தது. "என்னை வெட்டுவேன்னான்."

டெல்மோர் எழுதிக்கொண்டான். தலை நிமிரவில்லை.

அன்று மாலையே ஜீப் வந்தது. மழை விட்டு வெயில் அடித்தது. டெல்மோரும் இன்னொரு கான்ஸ்டபிளும். செப்டிமஸ் படியில் உட்கார்ந்து இயாந்திக்காகப் பச்சை வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தான். அவள்தான் அவனை அங்கேயே இருக்கவைக்க அந்த வேலையைக் கொடுத்திருந்தாள். கத்தி கொடுக்கவில்லை, விரலாலேயே உரித்தான், நகமெல்லாம் கறை. ஜீப்பைக் கண்டதும் அவன் கதவோரமாக ஒதுங்கியதை அவள் பார்த்தாள். எழுந்து நின்றான். "குட் ஆஃப்டர்நூன், ஆபீசர். குட் ஆஃப்டர்நூன், ஆபீசர்" என்று இருவருக்கும் தனித்தனியாகச் சொன்னான். டெல்மோரும் தொப்பியைக் கழற்றிப் பதில் சொன்னான்.

"ஒரு சின்ன வேலை இருக்கு அண்ணே. கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போலாம்."

"ஆஸ்பத்திரிக்கா?"

"அங்கயும்தான்."

செப்டிமஸ் கைகளைக் குழாயில் கழுவினான். கறை போகவில்லை; சட்டையில் துடைத்துக்கொண்டான். யாரும் அவனைத் தொடவில்லை. இன்னொரு கான்ஸ்டபிளின் இடுப்பில் விலங்கு தொங்கிக்கொண்டுதான் இருந்தது, அவன் அதைக் கையால் மூடிக்கொண்டான். செப்டிமஸ் தானே நடந்துபோய், பின்கதவைத் திறந்து, குனிந்து ஏறினான். ஏறும்போது அவன் முகத்தில் இருந்தது நிம்மதி. அன்றைக்கு விடியலில், என்னைக் கூட்டிட்டுப் போ என்று கேட்டானே, அக்கா ஒருவழியாக ஏற்பாடு செய்துவிட்டாள் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அது இயாந்திக்குப் புரிந்துவிட்டது.

டெல்மோர் கதவைச் சாத்தப் போனான்.

"சாத்திடாதீங்க ஆபீசர். அக்கா வரணும்."

டெல்மோர் இயாந்தியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "புகார் கொடுத்தவங்க அதே வண்டில வரக்கூடாதுக்கா" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். "நீங்க ஏறினா அந்தப் புகார் நிக்காது."

வேலிக்கு அப்பால் யூடோக்ஸியும் இன்னும் நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள். கீழே வளைவில் ஒரு பஸ் தடையில்லாமல் திரும்பி, மேலேறிப் போய்க்கொண்டிருந்தது.

செப்டிமஸ் ஜீப்பின் உள்ளே அந்தப் பக்கத்து ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தான். இருக்கையில் மழை ஒழுகிய ஈரம் இருந்தது போலும். தொப்பியால் அந்த இடத்தைத் துடைத்தான். பிறகு வேறு யாரும் வந்து உட்கார்ந்துவிடாதபடி அதன்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாக அக்காவைப் பார்த்தான்.